டிசம்பர் ஐந்தாம் எண் வீடு

என் சிநேகிதிக்கு,

செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இதை எழுத ஆரம்பித்து இதற்குள் மூன்று முறை எழுந்து போய்விட்டேன். ஒருமுறை அடுப்பை அணைத்தேனா என்று பார்க்கப் போனேன். அடுப்பை இன்று நான் பற்றவைக்கவே இல்லை. இன்னொரு முறை கதவைத் திறந்து நடைபாதையில் நின்றுவிட்டுத் திரும்பினேன். "உனக்கு ஏன்டி காலில் சக்கரம்?" என்று நீ கேட்பாயே, அந்தச் சக்கரம் இன்னும் கழலவில்லை.

காரணம் ஒரு லேபிள். என் சாப்பாட்டு மேசைமேல் இருக்கும் சின்ன பிரிண்டரை நீ பார்த்ததில்லை. நீ போன பிறகு வாங்கியது. வேலையை விட்டதும் சும்மா இருக்கப் பிடிக்காமல் இட்லிப் பொடி, பருப்புப் பொடி, ரசப் பொடி என்று வீட்டிலேயே அரைத்து, கேட்கிறவர்களுக்குப் பார்சலில் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். ஆர்டர் வந்ததும் போனில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், முகவரி லேபிளில் ஏறி வெளியே வந்துவிடும். இதற்கு மை கிடையாது, சூட்டிலேயே எழுத்து விழுகிறது. லேபிள் வெதுவெதுப்பாக இருக்கும், லேசாகக் கருகின வாசனை அடிக்கும். அந்த வாசனை நம் ஜாலான் புசார் ஆபீஸில் மாடியறையில் இருந்த பழைய பிரிண்டரை எனக்கு ஞாபகப்படுத்தும். வழக்கமாக அதோடு சரி, அடுத்த வேலைக்குப் போய்விடுவேன்.

செவ்வாய்க்கிழமை வந்த லேபிளில் குணசேகரன் என்று பெயர் இருந்தது. கேலாங் ஈஸ்ட். ஐந்தாவது மாடி, பன்னிரண்டாம் எண் வீடு. பருப்புப் பொடி இரண்டு.

உன் அண்ணன்.

உன்னிடம் நான் ஒன்றை மறைத்தேன். உன் மகள் பவித்ராவின் கல்யாணத்திலிருந்து நீ போகும்வரை மறைத்தேன். கூட்டிப் பார்த்தேன், சரியாக ஏழரை வருடம். நீயாக இருந்தால் சனியை இழுத்து ஏதாவது சொல்லிச் சிரித்திருப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ போய் ஒன்றரை வருடம் கழித்து உன்னிடம் சொல்கிறேன், அதையும் முதலில் வேறு ஒருவரிடம் சொல்லிவிட்டு. அதனால்தான் நீ கேட்பதுபோல எழுதுகிறேன். குறுக்கே பேசாதே.

நாம் இருபத்திரண்டு வருடம் ஒரே அறையில் வேலை பார்த்தோம். கீழே கடையில் பூட்டு, தாழ்ப்பாள், குழாய், ஆணி. மேலே நீயும் நானும். ஏற்றுமதிக் காகிதங்கள் உன் பொறுப்பு, தட்டச்சும் தபாலும் என் பொறுப்பு. வருடக் கடைசியில் வாடிக்கையாளர்களுக்குக் காலண்டர் அனுப்ப நான்தான் லேபிள் அடிப்பேன். ஒரு தாளுக்கு இருபத்து நான்கு லேபிள், ஒன்றுகூடக் கோணாது. "லேபிள் ராணி" என்று நீதான் பெயர் வைத்தாய். அந்தப் பெயரில் எனக்கு எவ்வளவு பெருமை என்று உனக்குத் தெரியாது. சரி, தெரிந்திருக்கும். தெரிந்துதான் கல்யாணக் கார்டுகளை என்னிடம் கொடுத்தாய்.

கல்யாணத்துக்கு நான்கு வருடம் முன்பே உன் அண்ணனோடு நீ பேச்சை நிறுத்திவிட்டாய். உன் அம்மா இங்கே இறந்தபோது நீ ஊரில், திருச்சியில் இருந்தாய். அன்றைய விமானத்தில் இடம் கிடைக்கவில்லை, மறுநாள்தான் வர முடிந்தது. நீ வந்து இறங்குவதற்குள் அவர் காரியத்தை முடித்துவிட்டார். ஒரு நாள் காத்திருந்தால் நீ அம்மா முகத்தைப் பார்த்திருப்பாய். விமான நிலையத்திலிருந்து நேராக ஆபீஸுக்கு வந்து, பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "எங்கண்ணன் எனக்கு இனிமே இல்ல" என்றாய். நான் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். "பேச வேண்டாம்னு முடிவு பண்ணா முடிவுதான். சாரி சொல்றவங்களுக்கு வாய் இருக்கு, எனக்குக் காது இல்ல" என்றாய். அதற்குப் பிறகு அவர் இரண்டு முறை ஆபீஸுக்குப் போன் செய்தார். இரண்டு முறையும் எடுத்தது நான். நீ இல்லை என்று சொல்லச் சொன்னாய். நீ எனக்கு எதிரே உட்கார்ந்திருக்க, நீ இல்லை என்று சொன்னேன். உன் பிடிவாதத்தைப் பார்த்து எனக்கு அன்றைக்கே கொஞ்சம் பயம்தான்.

பவித்ராவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. நீ பெயர்ப்பட்டியலை நோட்டில் எழுதிக்கொண்டு வந்தாய். இருநூற்று எண்பது வீடு. கடைசிப் பக்கத்தில், அடியில், உன் அண்ணன் பெயர்.

"இவருக்கு லேபிள் வேணாம்ல?" என்றேன்.

"ஏன் வேணாம்?"

"தாய்மாமனுக்கு யாராவது தபால்ல கார்டு அனுப்புவாங்களா? தட்டுல வெத்தல பாக்கு வச்சு நேர்ல போய்க் கூப்பிடணும்டி. அவரு இல்லாம பொண்ணுக்கு யாரு மாலை எடுத்துக் குடுப்பா?"

"எங்கம்மா முகத்தைக் காட்டாத ஆளுக்கு நான் தட்டு தூக்கணுமா? லேபிள் அடி. எல்லாருக்கும் எப்படியோ அப்படித்தான் அவருக்கும். வந்தா வரட்டும்."

"கையாலயாவது பேரை எழுதேன்."

"லேபிள். இந்த விஷயத்துல நீ வாயத் தொறக்காத லா, சொல்லிட்டேன்."

நான் வாயைத் திறக்கவில்லை. பட்டியலைக் கணினியில் ஏற்றினேன். எத்தனை கவனமாகச் செய்தேன் தெரியுமா? பெயர்களை மூன்று முறை சரிபார்த்தேன். யாருக்கு 'டாக்டர்' போட வேண்டும், யாருக்குக் குடும்பத்தோடு என்று போட வேண்டும், எந்த வீட்டில் மூத்த மருமகள் பெயரை விட்டால் பொங்கிவிடுவார்கள், எல்லாம் பார்த்தேன். நம் ஆட்களுக்குப் பெயரில் ஒரு எழுத்து குறைந்தாலும் கல்யாணத்துக்கு வராமல் இருக்க அது போதும். வீட்டு எண்களை யார் பார்த்தார்கள்? எண்ணுக்குக் கோபம் வராது என்று நினைத்துவிட்டேன்.

உன் நோட்டில் மாடி எண்ணுக்கு முன்னால் அந்த # கட்டக் குறியை நீ போடவில்லை. நானும் போடவில்லை. எட்டாவது மாடி இருநூற்றுப் பதினான்கு என்றால் கணினி சும்மா விட்டுவிட்டது. ஆனால் ஐந்து, கோடு, பன்னிரண்டு என்று அடித்தால் அது தேதி என்று நினைத்துக்கொண்டு, டிசம்பர் ஐந்து என்று மாற்றி வைத்துவிட்டது. இரண்டு எண்ணும் சின்னதாக இருந்த பதினோரு வீடுகளுக்கு அப்படி ஆகிவிட்டது. யாரோ ஒருவர் மார்ச் ஏழாம் தேதியில் குடியிருந்தார், இன்னொருவர் ஆகஸ்ட் இரண்டில். லேபிள் ராணி எதையும் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ஒட்டினோம். ஃபேரர் பார்க்கிலிருந்து வாங்கி வந்த வடை ஆறிக்கொண்டிருந்தது. எண்ணெய்க் கையோடு லேபிளைத் தொடாதே என்று உன்னை அதட்டினேன். அனுப்புநர் முகவரியாக என் வீட்டைப் போடச் சொன்னாய். "கார்டு கல்யாண வீட்டுக்கே திரும்பி வந்தா நல்லாவா இருக்கும்? உன் அட்ரஸ் போடு" என்றாய். போட்டேன். கடைசித் தாளில் உன் அண்ணன் லேபிள் வந்ததும் அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாய். "இத நான் ஒட்டிக்கிறேன்" என்று உறையோடு உள்ளே போய், கொஞ்ச நேரம் கழித்து ஒட்டி மூடிய உறையோடு வந்து மற்ற உறைகளோடு சேர்த்தாய். கட்டி அணைக்கப் போனாயா, அறையப் போனாயா என்று நான் கிண்டல் செய்தேன். நீ ஆறின வடையை எடுத்துக் கடித்தாய்.

பத்து நாளில் கார்டுகள் என் தபால் பெட்டிக்குத் திரும்பி வர ஆரம்பித்தன. முதல் இரண்டு வந்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது. உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நீ அப்போது கல்யாண வேலையில் மூச்சுவிட நேரமில்லாமல் இருந்தாய், எனக்கும் லேபிள் ராணிப் பட்டம் போய்விடும் என்ற கவலை. ஒவ்வொன்றாக வரவர எண்ணைத் திருத்தி, மதியச் சாப்பாட்டு நேரத்தில் நானே பஸ் பிடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஈசூனுக்கு ஒருநாள், பிடோக்குக்கு ஒருநாள். பத்து வீடு. மெலிந்துபோய்விட்டாய் என்று நீ கூடச் சொன்னாய்.

பதினோராவது உறை வியாழக்கிழமை வந்தது. ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். குணசேகரன், டிசம்பர் ஐந்து.

என் வீட்டிலிருந்து கேலாங் ஈஸ்ட் அரை மணி நேரம்கூட இல்லை. அந்த உறையைக் கையில் வைத்துக்கொண்டு தபால் பெட்டிக்கு முன்னால் நின்றேன். கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது, லேபிள் ஒட்டின கார்டோடு, தங்கை வராமல் தங்கையின் சிநேகிதி போய் நின்றால் அந்த மனுஷன் என்ன நினைப்பார்? உன்னிடம் சொல்லி உன்னையே போகச் சொன்னால் நீ என்னை என்ன செய்வாய்? வாயைத் திறக்காதே என்று நீ சொன்னது காதில் கேட்டது. நாளைக்கு யோசிக்கலாம் என்று மேலே எடுத்துப்போனேன். வெள்ளிக்கிழமை யோசித்தேன். சனிக்கிழமை உனக்குப் பூக் கட்ட வந்துவிட்டேன்.

சிராங்கூன் ரோட்டில் அந்தக் கோயில் மண்டபத்தில் நீ எப்படி நின்றாய் என்று எனக்கு மறக்காது. வந்தவர்களுக்கெல்லாம் கும்பிடு போட்டுக்கொண்டே, அவர்கள் தோளுக்கு மேலாக வாசலைப் பார்த்தாய். மாமன் மாலை எடுத்துக் கொடுக்க வரட்டும் என்று ஐயர் இரண்டாவது முறை கூப்பிடும்வரை நீ அசையவில்லை. பிறகு உன் சித்தப்பா மகனைத் தள்ளிவிட்டாய். அவன் மாலையை யார் கையில் கொடுப்பது என்று தெரியாமல் முழித்தான், எல்லோரும் சிரித்தார்கள், நீயும் சிரித்தாய். நான் பாத்திரம் கழுவும் இடத்துக்குப் போய் நின்றுகொண்டேன். உனக்குத் தெரியாது.

மறுவாரம் ஆபீஸில் டீ குடிக்கும்போது சொன்னாய்: "கார்டு போய்ச் சேந்தும் வரல பாத்தியா? தாய்மாமனாம். மனுஷனே இல்ல."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். அப்போதும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு தீபாவளிக்கும், பவித்ராவுக்குக் குழந்தை பிறந்தபோதும், நீ அதையே சொன்னாய். ஒவ்வொரு முறை நீ சொல்லும்போதும் அந்த உறை எனக்குக் கனமாகிக்கொண்டே போனது. அதைக் கிழித்துப் போடவும் மனம் வரவில்லை. அலமாரியில் வைத்தேன், பிறகு அரிசி டப்பாவுக்குப் பின்னால், பிறகு சாமி படத்துக்குப் பின்னால். அங்கேயும் பொறுக்காமல் தையல் பெட்டிக்கு மாற்றினேன். ஒருநாள் நீ வீட்டுக்கு வந்து, ரவிக்கைக்கு ஊக்கு தைக்க வேண்டும் என்று தையல் பெட்டியைத் திறக்கப் போனாய். நான் ஓடிவந்து பிடுங்கினேன். "என்னடி, உள்ள லவ் லெட்டர் வச்சிருக்கியா?" என்று கேட்டாய். ஆமாம் என்றேன். ஒரு வாரம் அதையே சொல்லி ஆபீஸில் என் மானத்தை வாங்கினாய்.

ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் இருந்தாய். தினமும் வந்தேன். தினமும் லிஃப்டில் ஏறும்போது இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று ஏறுவேன். கடைசி வாரத்தில் ஒரு மத்தியானம் நீ டிவியைப் பார்த்துக்கொண்டே, என்னைப் பார்க்காமலே கேட்டாய்: "அந்தக் கார்டு அவருக்குக் கெடச்சிருக்கும்ல?"

நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன்.

"கெடச்சிருக்கும்" என்றேன்.

"ம்" என்றாய். அவ்வளவுதான். அதற்கு மேல் நீ கேட்கவில்லை. என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களிலேயே மோசமானது அந்த ஒரு சொல். ஒரு கேள்வியாவது உன்னிடம் மிச்சமிருந்தது. அதையும் நான் அடைத்துவிட்டேன்.

மண்டாய் மயானத்தில் உன்னை வழியனுப்ப அவர் வந்திருந்தார். கடைசி வரிசைக்கும் பின்னால், தூணருகே நின்றார். பவித்ரா அவரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "கூப்பிட்டும் வராதவங்க இப்ப எதுக்கு வர்றாங்க?" என்று என் காதருகே சொன்னாள். அவர் யாரிடமும் பேசாமல் போய்விட்டார். உன்னோடு முடிந்துபோக வேண்டிய கோபத்தை உன் மகளும் எடுத்துக்கொண்டாள். அதற்கும் காரணம் என் தையல் பெட்டி. அன்றைக்கு இரண்டு பேருக்கும் நடுவில்தான் நின்றேன், கையெட்டும் தூரம்தான், அப்போதும் என் வாய் திறக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் இந்தச் செவ்வாய்க்கிழமை. பருப்புப் பொடி இரண்டு.

அந்த லேபிளைப் பையில் ஒட்டினேன். பார்சல் எடுக்க வரும் ஆளிடம் மற்ற எல்லாவற்றையும் கொடுத்தேன். அதை மட்டும் கொடுக்கவில்லை. புதன்கிழமை காலை பொடியையும் அந்த உறையையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு அல்ஜூனிட் ஸ்டேஷனில் இறங்கினேன். சிவன் கோயில் பக்கமாக நடந்தேன். உள்ளே போய்க் கும்பிட்டுவிட்டுப் போகலாம் என்று தோன்றியது. அது தள்ளிப்போடும் தந்திரம் என்று எனக்கே தெரிந்ததால் போகவில்லை.

கதவு திறந்திருந்தது, கம்பிக் கதவு மட்டும் சாத்தியிருந்தது. உன் அண்ணி வந்தார்.

"டெலிவரியா? அங்கேயே வச்சிட்டுப் போங்கம்மா."

"அண்ணனைப் பாக்கணும் அண்ணி. நான் அவரு தங்கச்சியோட ஜாலான் புசார் ஆபீஸ்ல வேலை பாத்தவ."

உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது. "மண்டாய்ல பாத்திருக்கேன். உள்ள வரச் சொல்லு."

உன் முகம்தான் அவருக்கும், அந்த அகலமான நெற்றி. நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று பயம். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். லேபிள் நான் அடித்தது, எண் மாறியது, பத்து வீட்டுக்கு ஓடியது, பதினோராவதை வைத்துக்கொண்டது. உறையை நீட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"டிசம்பர் அஞ்சா? என்னம்மா இது?"

"உங்க வீட்டு நம்பர்ண்ணே. கம்ப்யூட்டர் தேதின்னு நெனச்சிருச்சு. நானும் பாக்கல."

உன் அண்ணிதான் பேசினார். "சொந்தக்காரங்க சொல்லித் தேதி தெரியும். கல்யாணத்தன்னிக்கு வேட்டி சட்டையெல்லாம் போட்டு மத்தியானம் வரைக்கும் அந்த நாற்காலியிலேயே உக்காந்திருந்தாரு. பக்கத்துல போன வச்சிக்கிட்டு. ஒரு வார்த்தை கூப்பிட்டா ஓடிறலாம்னு. டாக்சில போனா பத்து நிமிஷம் லா. அது அடிக்கவே இல்ல."

எனக்குத் தலை நிமிரவில்லை. அவர் உறையின் ஓரத்தை நகத்தால் கீறிப் பிரித்தார். ஒன்பது வருடம் என்னிடம் இருந்தது. நான் ஒருநாளும் பிரித்ததில்லை. நல்லவளாக இருந்ததால் அல்ல, பயத்தால். கார்டை வெளியே இழுத்தார். அதன் மடிப்புக்குள்ளிருந்து மெழுகுத்தாளில் சுற்றிய ஏதோ ஒன்று மேசையில் விழுந்தது. பிரித்தார். பழுப்பேறிய ஒரு வெற்றிலை, தொட்டதும் ஓரம் உதிர்ந்தது. இரண்டு துண்டுப் பாக்கு. ஒரு சின்ன மஞ்சள்.

அன்றைக்கு நீ உள்ளே போய் என்ன செய்தாய் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. தட்டு தூக்க மாட்டேன் என்றவள். எல்லோருக்கும் எப்படியோ அப்படித்தான் என்றவள். என்னிடம்கூட வீறாப்பை விட முடியாமல், முறைப்படி வெற்றிலை பாக்கு வைத்து உன் அண்ணனை அழைத்திருக்கிறாய். உன்னால் குனிய முடிந்த அளவுக்குக் குனிந்திருக்கிறாய். அதை நான் ஊசி நூலோடு பூட்டி வைத்திருந்தேன்.

அவர் ஒரு பாக்குத் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"ஐயோ, ஒம்பது வருஷத்துப் பாக்குங்க. துப்புங்க" என்றார் அண்ணி.

"எந்தங்கச்சி குடுத்தது" என்றார். மெல்ல முடியவில்லை, கல்லாகிக் கிடந்தது. கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வழிந்தபடியே என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நீங்க கெளம்புங்கம்மா" என்று மட்டும் சொன்னார். லிஃப்டுவரை அண்ணி கூட வந்தார். "இப்ப ஒண்ணும் பேச மாட்டாரு. போயிட்டு வாங்க" என்றார். போயிட்டு வாங்க என்று அவர் வழக்கமாகச் சொல்கிற மாதிரி சொன்னாரா, உண்மையாகவே சொன்னாரா என்று வீடு வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.

பவித்ராவிடம் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். பார், மறுபடி அதே கதை. வியாழன், வெள்ளி இரண்டு நாளும் போனை எடுத்து எடுத்து வைத்தேன். சனிக்கிழமை அவளே கூப்பிட்டாள்.

"ஆன்ட்டி, மாமா வந்திருக்காங்க. திடீர்னு டோர்ல நிக்கிறாங்க. ஏதோ ஒரு பழைய கவரைக் காட்டி, உங்ககிட்ட கேளுன்றாங்க. வாட் இஸ் திஸ் ஆன்ட்டி?"

"உள்ள கூப்பிட்டியா?"

"சோபால உக்கார வச்சிருக்கேன்."

பின்னால் அவள் பையன் யார் இது என்று கேட்பதும், அவர் தயங்கித் தயங்கி ஏதோ பதில் சொல்வதும் கேட்டது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டாம் முறை சொல்லும்போது எளிதாக இருக்கும் என்று நினைத்தேன், இல்லை. அவள் உன்னைப் போல் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கத்தவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அம்மாகிட்ட ஏன் ஆன்ட்டி சொல்லல?"

இத்தனை வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்ட பதில்கள் நிறைய இருந்தன. கல்யாண வேலை, நேரமில்லை, நீ உடைந்துபோவாய், உடம்பு சரியில்லாதவளிடம் எப்படிச் சொல்வது.

"உங்கம்மா எங்கூடப் பேசறத நிறுத்திருவான்னு பயந்தேம்மா" என்றேன்.

அவள் போனை வைத்துவிட்டாள். கோபமாக வைத்தாளா, அழுகை வந்து வைத்தாளா தெரியாது. இன்றைக்கு ஞாயிறு, இன்னும் கூப்பிடவில்லை. கூப்பிடாவிட்டாலும் நான் ஒன்றும் சொல்ல முடியாது. அவள் வீட்டு சோபாவில் அவள் மாமன் உட்கார்ந்திருந்தார். அது போதும் என்று நினைக்கப் பார்க்கிறேன். நினைக்க முடியாமல்தான் எழுந்து எழுந்து நடக்கிறேன்.

கூடப் பிறந்த அண்ணனோடு பதினோரு வருடத்துக்கு மேல் பேசாமல் இருக்க முடிந்தவள் நீ. எதிரே உட்கார்ந்துகொண்டே இல்லை என்று சொல்லச் சொன்னவள். அந்த வரிசையில் என்னையும் நிறுத்திவிட்டால் என்ன செய்வேன்? காலையில் யாரோடு ஃபேரர் பார்க்கில் இறங்கி நடப்பேன், மத்தியானம் யாரோடு டிபன் பாக்ஸைத் திறப்பேன்? அந்த ஒரு பயத்துக்காக உன்னிடமிருந்து உன் அண்ணனை எடுத்துக்கொண்டேன். எனக்கு இருந்த ஒரே சிநேகிதியை எனக்காக வைத்துக்கொண்டேன்.

இப்போது ஒன்றரை வருடமாக நீ என்னோடு பேசுவதில்லை. அதனால் நன்றாகத் தெரிகிறது. அன்றைக்கே சொல்லியிருந்தால் நீ என்னை விட்டிருப்பாய். சிராங்கூன் ரோட்டில் எதிரே பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு அந்தப் பக்கம் கடந்திருப்பாய். புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, உன் அண்ணனோடு ஏதோ பேசிக்கொண்டே போயிருப்பாய். நான் கடை ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருப்பேன். அதை நான் தாங்கியிருப்பேன்டி.